உள்ளே போகச் சொன்னவன்

போன வாரம், புதிதாக ஆப்பரேட்டர் வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் வீட்டுக்கு வந்து, கம்ப்ரசர் சூடேறினால் என்ன செய்வது, பிரஷர் ஏறினால் எந்த வால்வை முதலில் தொடுவது என்றெல்லாம் கேட்டீர்கள். தெரிந்ததைச் சொன்னேன். நீங்கள் போன பிறகுதான் யோசித்தேன், இதெல்லாம் மெஷினோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறதே என்று. முப்பது வருஷத்துக்கு மேல் ஐஸ் பிளாண்டில் ஆப்பரேட்டராக இருந்தவன் உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. அதை நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், மீன் ஏற்ற வந்த வியாபாரி ஒருவர் மெஷின் ரூம் வாசலில் நின்று இருமினார். கேஸ் கசிகிறது என்றார். நான் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, இல்லவே இல்லை என்று சாதித்தேன். அவர் போன பிறகு ஒரு சந்தேகத்துக்காகக் கந்தகத் திரியைக் கொளுத்திக் குழாய் நெடுகக் காட்டிப் பார்த்தேன். அம்மோனியா கசியும் இடத்தில் வெள்ளைப் புகை கிளம்பும். மூன்று இடத்தில் கிளம்பியது. தினமும் அதிலேயே நின்று நின்று என் மூக்கு பழகிப்போயிருந்தது. உங்கள் மூக்கும் பழகும். வெளியிலிருந்து வருகிறவன் நாற்றம் என்று சொன்னால் அவனோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

இனி நான் சொல்ல வந்தது.

எழுபதுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த பிளாண்ட் கோட்டுச்சேரிக்கும் திருவேட்டக்குடிக்கும் நடுவில் இருந்தது. இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. முதலாளியின் தகப்பனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சுச் சிப்பாய் வீடு என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். முதலாளி மாதம் ஒருமுறைதான் வருவார், மற்றதெல்லாம் மேனேஜர்.

கட்டடம் எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் புரிய வேண்டும். நடுவில் மெஷின் ரூம். அதற்கு இடப்பக்கம் ஐஸ் உறையும் உப்புத்தண்ணீர்த் தொட்டி. பின்னால் ஐஸ் உடைக்கும் அறை. அங்கே நாலைந்து பெண்கள் மரச் சுத்தியலால் ஐஸ் பாரை உடைத்துப் பெட்டியில் நிரப்புவார்கள். அந்த அறைக்கு இரண்டு கதவு. ஒன்று மெஷின் ரூமுக்குள் திறக்கும். இன்னொன்று கொல்லைப்பக்கம், சவுக்குத் தோப்பைப் பார்த்தபடி. கொல்லைக் கதவுக்கு உள்பக்கம் உப்பு மூட்டை அடுக்கி, வெளியே பூட்டுப் போட்டிருந்தார்கள். ஐஸ் திருட்டுப் போகிறதாம்.

மெஷின் ரூம் வாசலில் ஓர் ஆணியில் கேஸ் மாஸ்க் தொங்கும். அதில் கேஸை வடிகட்டும் மூச்சு டப்பாவுக்குக் கெடு முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மேனேஜரிடம் இரண்டு தடவை சொன்னேன். பார்க்கலாம் என்றார். மூன்றாவது தடவை நான் சொல்லவில்லை. பாதுகாப்பு ரிஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. திங்கள்கிழமைதோறும் அதில் மாஸ்க், தண்ணீர் ஹோஸ், கதவுகள் என்று வரிசையாக 'சரி' என்று எழுதி ஆப்பரேட்டர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். வாரம் தவறாமல் போட்டேன்.

நான் பிறவிக் கத்தோலிக்கன். ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிட்டதில்லை. அந்த நாட்களில் எங்கள் பங்குச் சாமியார் பிரசங்கத்தில் அடிக்கடி சொல்வார், விசுவாசத்தைக் கோயில் வாசலில் கழற்றிவைத்துவிட்டுப் போகாதீர்கள், வேலை செய்யும் இடத்துக்கு எடுத்துக்கொண்டு போங்கள் என்று. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. மறுநாளே வேளாங்கண்ணி மாதா படம் ஒன்றை வாங்கி வந்து மெஷின் ரூமில் மாட்டினேன். மெஷினை ஓட்டுவதற்கு முன்னால் சிலுவை போட்டுக்கொள்வேன். சாமியார் சொன்னதைச் செய்துவிட்டதாக நினைத்தேன். படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவேன்.

தொட்டி வேலைக்குக் கலியமூர்த்தி என்று ஒருவன் இருந்தான். திருவேட்டக்குடிக்காரன், முப்பத்திரண்டு வயது இருக்கும். அப்பா கடலோடு போனதிலிருந்து, அவன் அம்மா அவனைப் படகில் ஏறவிடவில்லை. கரையிலேயே பிழைத்துக்கொள் என்று சொல்லி இங்கே அனுப்பினார். நிதானமான ஆள். தொட்டி மேல் பலகை வழுக்கும் என்று நாலு தடவை காலால் தட்டிப் பார்த்துத்தான் நடப்பான். மற்றவர்கள் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள்.

கோடைகாலம். காலை பத்து மணி. படகுகள் வந்து, மீன் பெட்டிகளோடு வெளியே கூட்டம். நான் மெஷின் ரூமில் மேஜை முன்னால் இருந்தேன். தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம். அம்மோனியா தேங்கி நிற்கும் ரிசீவரில் அளவு காட்டும் லெவல் கண்ணாடி வெடித்துவிட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் வெள்ளைப் புகை சுவர் மாதிரி எழுந்து வந்தது. மெயின் சுவிட்சைத் தட்டிவிட்டு வெளியே ஓடினேன். எல்லோரும் சாலைக்கு ஓடினார்கள். ஐஸ் உடைக்கும் அறையில் இருந்த நாலு பெண்கள் மட்டும் வரவில்லை. அவர்கள் வரவேண்டுமென்றால் அந்தப் புகைக்குள் நுழைந்துதான் வரவேண்டும். அவர்கள் கத்துவது எங்களுக்குக் கேட்டது.

ஓடும்போது மாஸ்க்கை உருவிக்கொண்டு வந்திருந்தேன். மாட்டிக்கொண்டு உள்ளே இரண்டடி வைத்தேன். டப்பா வழியாகவே கேஸ் நெஞ்சுக்குள் இறங்கியது. கண் தெரியவில்லை. வெளியே வந்து அதைக் கழற்றி எறிந்தேன். அதற்குப் பிறகு என் கால் நகரவில்லை. பயம். வேறு வார்த்தை தேட வேண்டியதில்லை.

கலியமூர்த்தி தொட்டிப் பக்கமிருந்து சுற்றி ஓடிவந்தான். துண்டைத் தண்ணீரில் முக்கி முகத்தில் கட்டியிருந்தான். எந்த வால்வு என்று கேட்டான். ரிசீவருக்குப் பின்னால், கண்ணாடிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டையும் மூட வேண்டும் என்றேன். அவன் உடனே ஓடிவிடவில்லை. என் முகத்தைப் பார்த்தான்.

"நான் போவட்டுமாண்ணே?"

"போ. சீக்கிரம் போ."

போனான்.

அவன் போய் இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. மீன் பெட்டிக்காரர்கள் சிலர் கொல்லைப்பக்கம் சுற்றிப் போய், கடப்பாரையால் பூட்டை உடைத்து, மூட்டைகளைத் தள்ளி அந்த நாலு பெண்களையும் வெளியே இழுத்தார்கள். நான் நின்ற இடத்திலிருந்து அந்தக் கதவு நாற்பது தப்படிகூட இல்லை. தினமும் அதைத் தாண்டித்தான் சைக்கிளை நிறுத்துவேன். அந்த நேரத்தில் அது என் நினைவுக்கே வரவில்லை. தொழிலில் உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்: எதிரே தெரியும் வாசலை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். ஓர் ஆளை உள்ளே அனுப்புவதற்கு முன்னால் கட்டடத்தைச் சுற்றி ஒரு தடவை மனசால் ஓடுங்கள்.

உள்ளே சீறல் நின்றது. கலியமூர்த்தி இரண்டு வால்வையும் மூடியிருந்தான். வெளியேதான் வரவில்லை. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இரண்டு பேர் போய்த் தூக்கி வந்தார்கள். வாசலுக்கு நாலடி தூரத்தில் கிடந்தானாம். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். அவன் மூடியிருக்காவிட்டால் அந்தப் பெண்கள் பிழைத்திருப்பார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

விசாரணைக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வருவதற்குள் மேனேஜர் வேறு ஒரு பிளாண்டிலிருந்து நல்ல மாஸ்க் ஒன்றை இரவல் வாங்கி வந்து ஆணியில் மாட்டினார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவரும் பயந்துபோய்த்தான் இருந்தார். செத்தவன் திரும்பி வரப்போவதில்லை, உனக்கு இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், நீ அனுப்பினாய் என்று தெரிந்தால் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்றார். நான் என்ன சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லித்தரவில்லை. அது எனக்கே தோன்றிவிட்டது.

மாஸ்க் எடுத்து வருகிறேன், பொறு என்று தடுத்தேன், அவன் கேட்காமல் ஓடிவிட்டான். இதுதான் நான் ஆய்வாளரிடம் சொன்னது. அவர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து கலியமூர்த்தியின் மனைவி அஞ்சலை பிளாண்டுக்கு வந்தார். இரண்டாவது பிள்ளை இடுப்பில் இருந்தது. சண்டை போட வரவில்லை. மாமியார் எந்நேரமும் மகனைத் திட்டியே அழுகிறார், பெண்டாட்டி பிள்ளையை நினைக்காமல் வீம்புக்குப் போய் விழுந்தான் என்கிறார், அதைக் கேட்க முடியவில்லை என்றார். பிறகு கேட்டார்:

"நீங்க தடுத்தீங்களாமே அண்ணே. அப்ப அவரு என்ன சொன்னாரு?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. கேட்டுவிட்டு அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதாவது கொடுத்தாக வேண்டும்.

"ஒண்ணும் ஆவாதுண்ணேன்னு சொல்லிட்டு ஓடுனான்மா."

அவர் அதை ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு போனார். செத்துப்போனவன் வாயில் நான் ஒரு வார்த்தையைச் செய்து வைத்தேன். அவன் வீட்டில் அதை வைத்து எத்தனை நாள் அழுதார்களோ.

சில மாதத்தில் முதலாளி இரக்கப்பட்டு அஞ்சலைக்கு வேலை போட்டுக் கொடுத்தார். எங்கே? அதே ஐஸ் உடைக்கும் அறையில். கொல்லைக் கதவுக்குப் புதுப் பூட்டு வந்திருந்தது. இரவல் மாஸ்க் திரும்பிப் போய், பழைய மாஸ்க் மறுபடியும் ஆணியில் தொங்கியது.

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மற்றப் பாவங்களோடு சேர்த்து, பொய் சொன்னேன் என்றும் சொன்னேன். இன்ன பொய் என்று சொல்லவில்லை. அதனால் யாருக்காவது கேடு உண்டா என்று சாமியார் கேட்டார். முடிந்துபோன விஷயம் என்றேன். அவர் பாவமன்னிப்புக் கொடுத்து, ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொல்லி முடித்து எழுந்தபோது உடம்பு லேசாகிவிட்டது. அன்று இரவு பல மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். நிம்மதி வந்துவிட்டதே என்று அதை நம்பாதீர்கள்.

மறுநாள் திங்கள்கிழமை காலை ஷிப்டுக்குப் போனேன். சிலுவை போட்டுக்கொண்டேன். ரிஜிஸ்டரை எடுத்து மாஸ்க், 'சரி'. ஹோஸ், 'சரி'. கதவுகள், 'சரி'. கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது பின் அறையில் சுத்தியல் சத்தம் கேட்டது. அஞ்சலை யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பெட்டியை நகர்த்தச் சொன்னார். என் பேனா நின்றது. நின்றது என்றால், கையெழுத்தைப் போட்டு முடித்துவிட்டுத்தான் நின்றது. உங்களிடம் கூட்டிச் சொல்லக் கூடாது.

அன்று முழுவதும் வேலை பார்த்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. நேற்று மண்டியிட்டு ஜெபமாலை சொன்ன அதே ஆள், இன்று காலை அந்தப் பெண்ணையும் உள்ளே அனுப்பிவிட்டு வந்திருக்கிறான். கலியமூர்த்தியிடம் வாயால் சொன்னேன். அஞ்சலைக்குப் பேனாவால். இதற்கு மேல் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆண்டவர் குரல் எதுவும் கேட்கவில்லை. பயம்தான் இருந்தது, அன்று வாசலில் நின்றபோது இருந்த அதே பயம்.

மறுநாள் காலை ஷிப்ட் மாற்றிக்கொண்டதும் கம்ப்ரசரை நிறுத்தினேன். ஐஸ் உடைக்கும் பெண்களை வெளியே வரச் சொன்னேன். கொல்லைக் கதவைத் திறந்துவைக்கும்வரை, நல்ல மாஸ்க் வரும்வரை நான் மெஷினை ஓட்டப்போவதில்லை என்று மேனேஜரிடம் சொன்னேன். ஒரு மாஸ்க்குக்காகவா என்று அவர் கேட்டார். கெஞ்சினார். பிறகு வேறு ஆளை வைத்து ஓட்டுகிறேன் என்றார். நான் மெஷின் ரூம் வாசலில் நின்றுகொண்டேன்.

வெளியே மீன் பெட்டிகளோடு முப்பது நாற்பது பேர். வெயில் ஏற ஏறச் சத்தம் கூடியது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஐஸ் இல்லாவிட்டால் அன்றைய மீன்பாடு மண். கலியமூர்த்தியின் தம்பி செல்வராசு முன்னால் வந்தான்.

"மாஸ்க் இருக்குன்னுதானே அன்னிக்கு ஆபீசருட்ட எழுதிக் குடுத்தீங்க. இப்ப இல்லைங்கிறீங்க. எது நெசம்?"

பதில் சொல்ல ஒரே வழிதான் இருந்தது. நான் சொன்னேன். மாஸ்க் அன்றும் நல்லதில்லை, தெரிந்தே கையெழுத்துப் போட்டேன் என்றேன். கலியமூர்த்தியை நான் தடுக்கவில்லை, நான் பயந்துபோய் நின்றேன், அவனைப் போ என்று சொன்னது நான்தான் என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். இல்லாவிட்டால் பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது.

செல்வராசு ஓங்கி ஒரு அறை விட்டான். இரண்டாவது அடிக்கு யாரோ அவனைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் ஓரமாக நின்றிருந்தார்கள். அஞ்சலை கையில் சுத்தியல் இருந்தது, புடவை முன்பக்கம் நனைந்திருந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் பக்கத்தில் வந்தார்.

"அப்ப அந்த வார்த்த?"

"அவன் சொன்னதில்லம்மா. நானா சொன்னது."

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். போட்டுவிட்டுப் போகவில்லை. குனிந்து, சுவர் ஓரமாக வைத்துவிட்டுத் திருவேட்டக்குடிப் பாதையில் நடந்தார். மற்ற மூன்று பெண்களும் அவர் பின்னால் போனார்கள்.

அன்றே எனக்கு வேலை போயிற்று. மூன்றாம் நாள் மெட்ராஸிலிருந்து இரண்டு மாஸ்க் வந்ததாகவும், கொல்லைக் கதவுப் பூட்டை எடுத்துவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். அந்த வாரமே ஆய்வாளர் ஆபீசுக்குப் போனேன். ஃபைலை முடித்துவிட்டோமே, திரும்ப எழுதினால் நீங்களும்தான் மாட்டுவீர்கள், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனுஷன். யோசித்துத்தான் வந்தேன் என்றேன். அவர் கேட்கக் கேட்க நடந்ததை நடந்தபடி, யார் என்ன பேசினோம் என்பது உட்பட எழுதிக் கொடுத்தேன். வழக்கு நடந்தது. முதலாளிக்கும் தண்டம், எனக்கும் தண்டம். எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தேன். என் மனைவி ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினாள். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே," என்றாள். கோயிலில் ஒரு பெரியவர் என்னைத் தனியாக அழைத்து, பாவசங்கீர்த்தனம் செய்தாகிவிட்டது, ஆண்டவரும் மன்னித்தாகிவிட்டது, பிறகு எதற்கு ஊர் நடுவில் நின்று சொல்லிக் குடும்பத்தைக் கெடுத்துக்கொண்டாய் என்று கேட்டார். மன்னிப்பு வாங்கிய மறுநாள் காலையிலேயே மறுபடியும் பொய்க் கையெழுத்துப் போட்டவன் நான், அதுதான் என் பதில். அவரிடம் சொல்லவில்லை.

அந்த எட்டு மாதத்தில் ஒருநாள் செல்வராசு வீட்டுக்கு வந்தான். சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

"அம்மா வரச் சொல்றாங்க. ஆபீஸ்ல எழுதிக் குடுத்தத எடுத்துக்கிட்டு வரணுமாம்."

நகல் ஒன்று என்னிடம் இருந்தது. எடுத்துக்கொண்டு போனேன். கீற்றுக் கொட்டகையில் கலியமூர்த்தியின் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்பார்வை மங்கிவிட்டது போல, நான் வந்ததைக் காலடிச் சத்தத்தில்தான் தெரிந்துகொண்டார். அஞ்சலை அடுப்பங்கரைப் பக்கம் நின்றார். என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே முதலிலிருந்து படித்தேன். வால்வு எங்கே இருக்கிறது என்று நான் சொன்ன இடம் வந்தது. அடுத்த வரி: கலியமூர்த்தி என் முகத்தைப் பார்த்து, 'நான் போவட்டுமாண்ணே' என்று கேட்டான்.

"அந்த வரிய மறுபடி படிங்க தம்பி," என்றார் அந்த அம்மா.

படித்தேன். இன்னொரு தடவை கேட்டார். படித்தேன். வார்த்தை வார்த்தையாகத் தெளிவாகச் சொன்னேன்.

"கேட்டிருக்கான்," என்றார். "எம்மவன் வீம்புக்குப் போவல. கேட்டுட்டுத்தான் போயிருக்கான்." பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அஞ்சலை என்னோடு சந்து முனைவரை வந்தார். அண்ணே என்று அவர் கூப்பிடவில்லை.

"நீங்க சொன்னது நல்லதுதான். ஆனா இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

சரி என்றேன். பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. நாகப்பட்டினத்தில் ஒரு பிளாண்டில் வேலை கிடைத்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். அஞ்சலை பிள்ளைகளை எப்படி வளர்த்தார் என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளும் உரிமைகூட எனக்கில்லை. அதனால் தெரியாது.

இதையெல்லாம் சொல்லிய பிறகு மனசுக்கு நிம்மதி கிடைத்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. முன்பு ஆய்வாளருக்கு ஒன்று, அஞ்சலைக்கு ஒன்று, சாமியாருக்கு ஒன்று, ராத்திரியில் எனக்கு நானே ஒன்று என்று வைத்திருந்தேன். இப்போது அன்று காலை அந்த வாசலில் என்ன நடந்தது என்று யார் கேட்டாலும், என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது.